கடவுள் காப்பார் என்றால் பாலிசி எதற்கு? வீட்டில் நடக்கும் சண்டை, உங்கள் கருத்து வேண்டும்

வண்ணார்பேட்டை வாசி (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், தாமிரபரணி ஆற்றுக்குக் கிட்டத்தில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே என்ன ஆனது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இப்போது வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு எடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. பெரியப்பா ஒரே பிடியாக வேண்டாம் என்கிறார். காசுக் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை அவர். "நெல்லையப்பர் மேல நம்பிக்கை இருக்கவனுக்கு பாலிசி எதுக்குடா? தினமும் கும்பிட்டுட்டு, அவரு கைவிட்டுட்டா என்ன செய்யன்னு தனியா ஒரு காகிதமும் எழுதி வச்சுக்கிடணுமாக்கும்?" இதுதான் அவர் கட்சி.

முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் அவர் கேட்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. நீங்களும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களே என்றேன். "மாத்திரை உடம்புக்கு, பாலிசி சந்தேகத்துக்கு" என்று ஒரு போடு போட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதனால் இரண்டு கேள்வி. ஒன்று, முன்னெச்சரிக்கை எடுப்பது நம்பிக்கைக் குறைவா? இரண்டு, வெள்ளத்துக்குப் பிறகு தெருவில் எல்லோரும் "சாமி காப்பாத்திட்டாரு" என்றார்கள். பக்கத்தில் வீடு போனவர்களை வைத்துக்கொண்டே சொன்னார்கள். அப்படிச் சொல்லும்போது நாம் என்னதான் சொல்கிறோம்?

கடவுள் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். எந்தச் சாமி பெரிய சாமி என்பதும் வேண்டாம்.

ரதவீதி அண்ணாச்சி:

உங்கள் பெரியப்பா நெல்லையப்பரைத்தானே சாட்சிக்கு இழுக்கிறார், அங்கிருந்தே ஆரம்பிப்போம் தம்பி. வேதசர்மா கதை டவுனில் தெரியாதவர்கள் இல்லை. சுவாமி நைவேத்தியத்துக்கு வீடு வீடாகக் கேட்டு வாங்கிய நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனார், மழை பிடித்துக்கொண்டது. பதறி ஓடி வந்து பார்த்தால் சுற்றிலும் கொட்டுகிறது, நெல்லின் மேல் ஒரு சொட்டு இல்லை. எல்லோரும் இந்தக் கதையில் மழையைத்தான் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது அவர் ஓடி வந்ததை. 'அவர் பாத்துக்கிடுவார்' என்று ஆற்றிலேயே முதுகு தேய்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாயில் சிவன் பேர், கால் ஓட்டத்தில்.

இன்னொன்றும் பெரியப்பாவிடம் கேளுங்கள். தாமிரபரணியில் பெருவெள்ளம் வருகிறது என்றால் ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில் என்ன செய்வார்கள்? உற்சவரையும் உண்டியலையும் மற்ற சாமான்களையும் தூக்கிக்கொண்டு கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். மூலவர் ஆற்றுக்குள்ளேயே இருப்பார், தண்ணீர் அவர் தலைக்குமேல் போகும். வடிந்தபின் மணலையும் சகதியையும் அள்ளிக் கழுவி, உற்சவரைத் திரும்ப எழுந்தருளச் செய்வார்கள். எனக்கு நினைவு தெரிந்து 1992 வெள்ளத்திலும் இதுதான், போன வெள்ளத்திலும் இதுதான். அர்ச்சகருக்கு முருகன் மேல் நம்பிக்கை இல்லை என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

காயல் காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த காயல்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். அதே நேரத்தில் திருச்செந்தூரில் 69. உங்களுக்கெல்லாம் ஆறு வந்தது, எங்களுக்கு நேராக வானமே வந்துவிட்டது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு தவக்குல் (இறைவன் மேல் முழு நம்பிக்கை) வை என்ற ஹதீஸை, அதாவது நபிமொழியை, யாராவது சொல்லிவிடுவார்கள், அதை விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது உமர் (ரலி) அவர்களின் சம்பவம். கலீஃபாவாக, அதாவது முஸ்லிம்களின் ஆட்சித் தலைவராக, ஷாம் தேசத்துக்கு (சிரியா பக்கம்) பயணம் போகிறார்கள். வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று செய்தி வருகிறது. ஆலோசனை கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அங்கே படைத்தலைவராக இருந்த அபூ உபைதா (ரலி) கேட்கிறார்கள்: "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" உமர் (ரலி) சொன்ன பதில்: "ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்."

தம்பி, உங்கள் பெரியப்பா கேட்பது அபூ உபைதா கேட்ட அதே கேள்வி. அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தம் படையோடு அங்கேயே இருந்து அந்தக் கொள்ளைநோயிலேயே மறைந்தார்கள். ஓடியவரையும் நாங்கள் குறை சொல்வதில்லை, நின்றவரையும் சொல்வதில்லை. ஆனால் நோயில்லாத ஊர்ப் பக்கம் ஒட்டகத்தைத் திருப்புவதும் இறைவன் ஏற்பாட்டுக்குள்தான் என்பது உமர் (ரலி) அவர்களின் கட்சி. நான் அந்தக் கட்சி.

காப்பீட்டைப் பற்றி எங்கள் ஆலிம்களுக்குள் (மார்க்க அறிஞர்களுக்குள்) கருத்து வேறுபாடு உண்டு. அதற்குக் காரணம் வட்டியும் நிச்சயமில்லாத பேரமும். தவக்குலுக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

ஏரல் பஜார்:

முதல் கேள்வியை வசதியுள்ளவர்கள் பேசட்டும். இரண்டாவதுக்கு நான் பதில் சொல்கிறேன்.

கடையில் கல்லாவுக்கு மேல் தண்ணீர். அரிசியும் பருப்பும் ஊறி முளைத்து நாறின நாற்றம் கழுவக் கழுவப் போகவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு ஆச்சி, இட்லி விற்றுப் பேரப்பிள்ளைகளைப் படிக்க வைத்தவள், சுவர் விழுந்து போய்ச் சேர்ந்தாள். கரண்ட் வந்து போனைத் திறந்தால் முதலில் கண்ணில் பட்டது சொந்தக்காரர் ஒருவர் வைத்திருந்த ஸ்டேட்டஸ்: எங்கள் தெருவில் ஒரு சொட்டு ஏறவில்லை, எல்லாம் ஆண்டவன் கருணை.

ஆண்டவன் கருணை அந்தத் தெரு முனையில் வந்து நின்றுகொண்டதா? மேட்டுத் தெரு, தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான். நானும் கும்பிடுகிறவன்தான். எனக்குச் சாமி மேல் கோபம் இல்லை, அந்த ஸ்டேட்டஸ் மேல்தான் கோபம். எங்களை வந்து தூக்கியது கடற்கரை ஊர்ப் பையன்கள். படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எந்தக் கோயில், எந்தச் சர்ச் என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சும்மா ஒரு சித்தர்:

அவரவர் முன்வினை. நல்லது செய்தவனை இயற்கை தொடாது.

ஏரல் பஜார்:

ஆச்சியைப் பற்றி இப்போதுதானே எழுதினேன்? படித்துவிட்டுப் பேசும்வே.

நாசரேத் வாத்தியார்:

சித்தர் தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் மறுத்துவிட்டார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரம். செத்தவர்கள் மேல் பழி போடுகிற வாயை அங்கேயே அடைத்தாகிவிட்டது.

இனி தொடங்கியவரின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் 91ஆம் சங்கீதம் தெரியாத பிள்ளை கிடையாது. ராத்திரி ஜெபத்தில் அதைச் சொல்லித்தான் படுப்போம். உன் பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது, தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்திக்கொண்டு போவார்கள் என்றெல்லாம் வரும். முழுப் பாதுகாப்பு. ஆனால் சுவிசேஷத்தில் இந்தச் சங்கீதத்தை எடுத்துச் சொல்வது யார் என்று பாருங்கள். சாத்தான்! தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, 'கீழே குதி, தூதர்கள் ஏந்துவார்கள் என்று எழுதியிருக்கிறதே' என்கிறான். 'உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக' என்று பதில் வருகிறது. வாக்குத்தத்தம் உண்மைதான். அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் குதிப்பதுதான் தப்பு. பெரியப்பா கடவுளை நம்புகிறாரா, பரீட்சை பார்க்கிறாரா என்று அவரைத்தான் கேட்க வேண்டும், நான் சொல்ல முடியாது.

இந்தச் சீமையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. டோனாவூரில் இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். கோயில்களுக்கு விடப்பட்ட பெண் குழந்தைகளுக்கும் பிறகு ஆண் குழந்தைகளுக்கும் வீடு கட்டி வளர்த்தார். தேவன் காப்பார் என்று அவரைவிட உறுதியாகச் சொன்னவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. அதன் பிறகு 1951இல் சாகும்வரை பெரும்பாலும் படுக்கைதான், கிட்டத்தட்ட 20 வருஷம். குழி தோண்டியிருந்தது தெரியாமல் இருட்டில் வைத்த கால். தூதன் ஏந்தவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்துதான் அவர் எழுதிக் குவித்தார், அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் அந்த வீடு ஓடியது. 'காப்பாற்றினார்' என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்குள் அந்தக் குழியும் அடங்கியிருந்தது. நம்முடைய சொல்லில் மேட்டுத் தெரு மட்டும்தான் இருக்கிறது, அதுதான் ஏரல் அண்ணாச்சிக்குக் கசக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏரல் பஜார்:

ஐயா, கால் முறிந்ததையும் சேர்த்துக் காப்பாற்றியது என்றால் காப்பாற்றாதது என்று எதைத்தான் சொல்வீர்கள்? எது நடந்தாலும் சரி என்று ஆகிவிடுகிறதே. பரீட்சையில் எல்லோரும் பாஸ் என்கிற மாதிரி இருக்கிறது.

நாசரேத் வாத்தியார்:

நல்ல அடி. யோசித்துவிட்டு வருகிறேன்.

உடன்குடிப் பனை:

பெரிய பெரிய ஆட்கள் பேசுகிற இடத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எங்க அப்பா பனை ஏறினவர். பங்குனியில் சீசன் தொடங்கினால் விடியுமுன்னே ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். ஏறுமுன் மரத்தைத் தொட்டு நெஞ்சில் ஒற்றிக்கொள்வார். அதன் பிறகு காலில் மாட்டி ஏறுகிற தளைநாரை இழுத்து இழுத்துப் பார்ப்பார். நார் நைந்திருந்தால் எவ்வளவு அவசரம் என்றாலும் ஏற மாட்டார். எந்த நாளிலும் இந்த இரண்டில் ஒன்றை விட்டதில்லை.

எங்க ஊரில் பனையிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. இடுப்பு போனவர்கள் உண்டு, உயிர் போனவர்கள் உண்டு. அவர்கள் யாரும் கும்பிடாமல் ஏறியவர்கள் இல்லை. அப்பாவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் மறுநாளும் தொட்டுக் கும்பிட்டார். விழாமல் இருக்கக் கொடுக்கிற லஞ்சமாக அதை அவர் நினைத்திருந்தால் முதல் ஆள் விழுந்த அன்றைக்கே நிறுத்தியிருப்பார். அப்படியானால் எதற்குக் கும்பிட்டார் என்று கேட்டால் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அவ்வளவு உயரத்தில் பாளை சீவும்போது கை நடுங்கக் கூடாது. தனியாக இருக்கிறோம் என்று நினைப்பவனுக்குக் கை நடுங்கும்.

நைட் டூட்டி அக்கா:

உடன்குடித் தம்பி எழுதினதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.

நான் நர்ஸ், தீவிர சிகிச்சைப் பிரிவு. ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். எங்கள் வார்டு வாசலில் விபூதிப் பொட்டலமும் வரும், ஜெப எண்ணெயும் வரும், ஓதின தண்ணீரும் வரும். ஒரே நாளில் மூன்றும் ஒரே நோயாளிக்கு வருவதும் உண்டு, கொண்டு வருகிறவர்கள் மூன்று மதம். டாக்டர் அனுமதித்தால் நெற்றியில் வைத்துவிடுவோம். அதனால் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை.

கெடுதல் வருவது வேறு வழியில். பாம்புக்கடியைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் உண்டு. கட்டுவிரியன் ராத்திரி தூங்குகிறவர்களைக் கடிக்கும், பல சமயம் வலியே இருக்காது, தடமும் தெரியாது. காலையில் வயிற்றுவலி என்பார்கள், அப்புறம் கண் இமை தொங்கும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்தும் சமயத்தில் செயற்கைச் சுவாசமும் கிடைத்தால் எழுந்து நடந்து போவார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் அந்த மருந்துக்குக் காசு கிடையாது. ஆனால் முதலில் மந்திரிக்கப் போய்விட்டு, வேப்பிலை அடித்துவிட்டு, கயிறு இறுக்கிக் கட்டிக்கொண்டு, நேரம் போனபின் வருவார்கள்.

சங்கரன்கோவில் புற்றுமண்ணை நான் குறை சொல்லவே மாட்டேன். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. கோமதியம்மனை நினைத்து நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள். கடிவாயில் வேண்டாம், கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம். பூசிக்கொண்டே வண்டியில் ஏறுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

பெரியப்பா மாதிரி 'நம்பிக்கையா மருந்தா' என்று கேட்கிறவர்கள் வாசலில்தான் கேட்பார்கள். கட்டிலில் படுத்திருக்கிறவர்கள் யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. அவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் வேண்டும்.

வண்ணார்பேட்டை வாசி:

அக்கா, இதை அப்படியே எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போடலாமா?

நைட் டூட்டி அக்கா:

தாராளமாக. பாம்புக்கடிப் பகுதியை மட்டும் போடுங்கள், மற்றது பெரியப்பாவுக்குக் கோபம் வரும்.

நாங்குநேரி ஜீயர் தெரு:

இந்தச் சண்டைக்கு எங்கள் வைணவ சம்பிரதாயத்தில் ரொம்ப வயது. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதன் முயற்சியும் வேண்டும் என்பார்கள் வடகலையார். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய் கவ்விக்கொண்டு போகும் என்போம் நாங்கள். இந்த ஊர் வானமாமலை மடம் தென்கலை, ஆகவே நான் பூனைக் கட்சி. இதைக் கேட்டுவிட்டு 'அப்படியானால் சும்மா இருந்தால் போதுமா' என்று கேலி பண்ணுகிறவர்கள் உண்டு. சரணாகதியில் சும்மா இருப்பது மோட்ச விஷயத்தில். அடுப்பில் பால் பொங்கினால் இறக்கி வைக்க வேண்டியதுதான். பூனை மார்க்கத்துப் பெரியவர்கள் மடத்துக்கு வாசற்கதவு வைத்து, ராத்திரி தாழும் போட்டார்கள்.

ஏரல் அண்ணாச்சி கேட்டதற்கு ஸ்ரீவைகுண்டத்துக் கள்ளபிரானைத்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பக்கத்து ஊர். காலதூஷகன் என்ற திருடன் வைகுண்டநாதரை வேண்டிக்கொண்டு திருடப் போவான், கிடைத்ததில் பாதியைச் சுவாமிக்குக் கொடுப்பான். ஒரு தடவை அவன் ஆட்கள் அகப்பட்டுக்கொண்டார்கள், இவன் வந்து காலில் விழுந்தான். பெருமாளே அவன் வேஷத்தில் ராஜா முன்னால் போய் நின்றார். யோசித்துப் பாருங்கள், காப்பாற்றப்பட்டவன் நல்லவனாக இருந்ததற்காக இல்லை. திருடன்! எங்கள் ஊர்க் கதைகளே சித்தர் தம்பியின் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. நல்லவனுக்குப் பாதுகாப்பு, கெட்டவனுக்கு வெள்ளம் என்ற பட்டியல் யாரிடமும் கிடையாது.

ஏரல் பஜார்:

திருடனைக் காப்பாற்றுகிறார், இட்லி விற்ற ஆச்சியை விட்டுவிடுகிறார். நன்றாக இருக்கிறது சாமி உங்கள் கதை. கோபத்தில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

செந்தூர் வண்டியில் வந்தவள்:

நான் டிசம்பர் 17ஆம் தேதி ராத்திரி வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்ற அந்த ரயிலில் இருந்தேன். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்புகிற கூட்டம்தான் பாதி வண்டி. சுமார் 800 பேர். ஜல்லி அரித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதைப் பிறகு எல்லோரும் போட்டோவில் பார்த்திருப்பீர்கள். வண்டியை அந்த இருட்டில் நிறுத்தி வைத்தவர்கள்தான் எங்கள் உயிருக்கு முதல் காவல். அன்றைக்கு நாங்கள் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் இருக்கும் புதுக்குடி ஆட்கள் சோறு பொங்கிக் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஊரே தண்ணீரில். எங்கள் பெட்டியில் ஒரு அம்மா அந்தச் சோற்றைக் கையில் வாங்கிக்கொண்டு 'முருகா' என்று அழுதார். கொண்டுவந்த பெரியவர், "முருகன் அனுப்பலம்மா, எங்க வீட்டுக்காரி அனுப்புனா, சாப்பிடு" என்றார். அந்த அம்மா, "உன் வீட்டுக்காரிய யாருய்யா அனுப்புனா?" என்றார். பெட்டியே சிரித்தது.

ஏரல் அண்ணாச்சி, படகுக்காரப் பையன்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. யார் அனுப்பினார்கள் என்ற கேள்வியில் நான் அந்த அம்மா பக்கம். நீங்கள் அந்தப் பெரியவர் பக்கம். சோறு ஒன்றுதான்.

பழைய ஏஜெண்ட்:

இழை நல்லபடியாகப் போகிறது, நடுவில் பணம் பேச வருவதற்கு மன்னிக்கவும். பெரியப்பாவைச் சமாதானப்படுத்துகிற வரைக்கும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

2021 ஏப்ரலிலிருந்து வீட்டுக் காப்பீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசி இருக்கிறது. பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் கேட்டால் கிடைக்கும். வெள்ளம், புயல், நிலச்சரிவு, தீ எல்லாம் அதற்குள் வரும். கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கும் அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, சேர்ந்தே வரும். நகைக்குத் தனி ஏற்பாடு. தொகை போடும்போது திரும்பக் கட்ட ஆகும் செலவைப் போடுங்கள், மனை விலையை அல்ல.

வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம், ஆனால் உங்கள் வண்டி வெள்ளத்தில் போனால் அதில் ஒரு பைசா வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். தண்ணீர் வடிந்ததும் ஆசையில் சாவியைத் திருப்பாதீர்கள். நீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் அந்தச் சேதத்தைச் சாதாரண பாலிசியில் தர மறுப்பார்கள். 2023இல் பாளையங்கோட்டையில் நிறையப் பேர் பட்டது இதுதான்.

பெரியப்பாவுக்கு என் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. மூன்றாம் நபர் காப்பீடு உங்களைக் காப்பாற்றுவதற்கு இல்லை அண்ணாச்சி. உங்கள் வண்டி யாரையாவது இடித்துவிட்டால் அவன் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்கு. உங்களை நெல்லையப்பர் பார்த்துக்கொள்வார், சரி. உங்களிடம் அடிபட்டவனை?

வண்ணார்பேட்டை வாசி:

இழை முழுவதையும் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குறுக்குத்துறை இடம் வந்ததும், "நிறுத்து. சாமியத் தூக்கிட்டு மேலக்கோயிலுக்குப் போனது ஆளா, பாலிசியா? ஆள்தானே? வெள்ளம் வந்தா தூக்க நாலு பிள்ளைக வீட்ல இருக்கணும், எல்லாவனும் பெங்களூர்ல போயி உக்காந்துக்கிட்டு என்கிட்ட காகிதத்த நீட்டுதியோ" என்றார். பெங்களூரில் இருப்பது நான்தான்.

அம்மா அவர் பேரில் எடுக்காமல் தன் பேரில் எடுக்கப் போகிறார். பெரியப்பா அதைத் தடுக்கவில்லை, கையெழுத்தும் போட மாட்டாராம். ஏஜெண்ட் அண்ணாச்சியின் கடைசி வரிக்கு மட்டும் பதிலே சொல்லவில்லை, வெற்றிலைச் செல்லத்தைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ரதவீதி அண்ணாச்சி:

உங்கள் பெரியப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது தம்பி. அவர் கேட்டது சரிதான், தூக்க ஆள் வேண்டும்.

ஒன்று சொல்லிவிட்டு விடுகிறேன். நாம் வீடு, வண்டி, வெள்ளம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சம்பந்தர் திருநெல்வேலிப் பதிகத்தை 'மருந்தவை மந்திரம் மறுமை நன்னெறியவை' என்றுதான் எடுக்கிறார். மருந்து முதலில். அதே மூச்சில் மறுமையும். மருந்து ஒரு நாள் நிற்கும், மந்திரமும் ஒரு நாள் நிற்கும், அதற்கு அப்பாலும் துணை வருகிறவர் என்கிறார். இந்த உடம்புக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்றால் எல்லோர் விஷயத்திலும் கடைசியில் சாமி தோற்றுத்தான் போவார். சாகாதவன் யார்?

காயல் காக்கா:

அண்ணாச்சி சொன்னதையொட்டி, ஏரல் சகோதரருக்காக ஒன்று. வெள்ளத்தில் மூழ்கி இறந்தவரும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரும் ஷஹீத், உயிர்த்தியாகியின் அந்தஸ்து உள்ளவர்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. எங்கள் வாப்பா அடிக்கடி சொல்வார்கள். கைவிடப்பட்டவர்கள் என்று நீங்கள் நினைக்கும் கூட்டத்தைத்தான் நபியவர்கள் (ஸல்) மேலே தூக்கி வைத்தார்கள். ஆச்சி எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை, அவர் விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? சுவர் விழுந்து இறப்பது இறைவன் கைவிட்டதற்கு அடையாளம் இல்லை என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

நாசரேத் வாத்தியார்:

யோசித்துவிட்டு வந்தேன். ஏரல் அண்ணாச்சி கேட்டது: எல்லாமே காப்பாற்றியதுதான் என்றால் காப்பாற்றாதது எது? என்னிடம் முழுப் பதில் இல்லை. 121ஆம் சங்கீதம் 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்' என்று முடியும். எங்கள் ஊரில் பிள்ளைகள் வெளியூருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இதைத்தான் வாசிப்போம். கல்லறைத் தோட்டத்திலும் இதையே வாசிக்கிறோம். பஸ் ஏறுகிறவனுக்கும் பெட்டியில் போகிறவனுக்கும் ஒரே வசனம். என் மனைவியை அடக்கம் செய்த அன்று அந்த 'என்றைக்கும்' எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் முடியாது. உங்களைப் பாஸ் போடச் சொல்லவும் மாட்டேன்.

ஏரல் பஜார்:

ஐயா, இப்போது பேசினீர்களே, இது எனக்குப் புரிகிறது.

எங்கள் ஊர்ச் சேர்மன் சாமியை நினைத்துக்கொண்டேன். அருணாசல சுவாமி, ஏரலுக்குச் சேர்மனாக இருந்தவர். முப்பது வயதுகூட ஆகாமல் 1908 ஆடி அமாவாசையில் போய்விட்டார். அவர் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைக்கு ஆயுசு கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர்! முப்பது வயசு தாண்டாதவரிடம் போய் ஆயுசு கேட்கிறோம். இதை யோசித்து நான் கேலியாகச் சொல்லுவேன், எங்க அம்மா அடிக்க வருவாள். வெள்ளத்தில் அவர் கோயிலும் தப்பவில்லை, அது ஆற்றங்கரையில்தானே இருக்கிறது. வடிந்ததும் என் கடையைக் கழுவுமுன் அங்கே போய் நாலு பேரோடு சேர்ந்து சகதி அள்ளினேன். ஏன் போனேன் என்று கேட்டால் தெரியாது.

நீங்கள் எல்லோரும் சொன்னதில் உடன்குடித் தம்பி சொன்னதுதான் எனக்குப் பக்கத்தில் வருகிறது. மறுமையைப் பற்றி எனக்குப் பேச வராது. ஆச்சி எங்கேயோ நன்றாக இருக்கிறாள் என்றால் சந்தோஷம், அங்கேயும் இட்லி அவிக்க விடாதீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றபடி, ஐப்பசி பிறந்ததும் மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றிவிடுகிறேன். ஸ்டேட்டஸ் வைத்த சொந்தக்காரரும் வந்து ஒரு கை கொடுத்தார்.

நாசரேத் வாத்தியார்:

கடை பஜாரில் எந்தப் பக்கம்? அடுத்த வாரம் குரும்பூர் வரை வருகிற வேலை இருக்கிறது.

ஏரல் பஜார்:

வாங்க ஐயா. பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெள்ளத்தில் கல்லா போன பலசரக்குக் கடை என்று கேளுங்கள். நாலைந்து கடையைக் காட்டுவார்கள், அதில் ஒன்று நான்.